பெட்டியோடு நிற்பவர்

அந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்க எழுபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் இரண்டு தடவை எண்ணினேன். முதலில் எழுபத்து நான்கு வந்தது. டீ கொண்டுவந்தவரையும் என்னையும் கழித்த பிறகு எழுபத்திரண்டு. படக்கதை பற்றி நான் பேசிய எந்தக் கூட்டத்திலும் நாற்பது பேரைத் தாண்டியதில்லை. அந்த நாற்பதிலும் ஏழெட்டுப் பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள்.

பொறாமைப்பட்டேன் என்று இப்போது எழுத முடிகிறது. அப்போது அதற்கு வேறு வேறு பெயர்கள் வைத்திருந்தேன். அவள் பேச்சில் ஆழம் இல்லை என்றேன். கூட்டத்தைச் சிரிக்க வைப்பதற்காகவே பேசுகிறாள் என்றேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்கு வயிறு எரியுது. மோர் இருக்கு, குடிங்க" என்றாள். நான் குடிக்கவில்லை.

காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். வீடு கோவில்பத்தில். பகலெல்லாம் கோப்பு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் மேடை. நூலக வாசகர் வட்டத்தில் ஒரு தடவை பேச வேண்டியவர் வராமல்போக, சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது படக்கதை ஒன்றுதான், அதைப் பேசினேன். அப்படியே பதினோரு வருடம் ஓடிவிட்டது. பள்ளிகள், கல்லூரி, ஆசிரியர் கூட்டம் என்று போகாத இடமில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்கூட என்னைக் 'காமிக்ஸ் சார்' என்பார்கள். அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

நான் கதை சொல்வதில்லை, பார்க்கச் சொல்லித் தருவேன். திரையில் ஒரு பக்கத்தைக் காட்டி, எழுத்தையெல்லாம் மறைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று கேட்பேன். புருவத்தில் ஒரு கோடு சாய்ந்தால் கோபம். பேச்சுக் குமிழியின் விளிம்பு முள் முள்ளாக இருந்தால் கத்தல், மேகம் மாதிரி இருந்தால் நினைப்பு. இதெல்லாம் யாரும் கற்றுத் தராமலே நமக்குத் தெரிந்திருக்கிறது என்பதைத் தெரியவைப்பதுதான் என் வேலை. அதன் பிறகு கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருக்கிற வெள்ளை இடைவெளிக்கு வருவேன். "பஸ்ஸில் தூங்கிவிட்டீர்கள். கண்ணை மூடும்போது நாகூர், திறக்கும்போது காரைக்கால். நடுவில் பாலமும் வயலும் வந்துதான் போயின. நீங்கள் பார்க்கவில்லை, ஆனாலும் வந்தது உங்களுக்குத் தெரியும். அந்தத் தூக்கம்தான் இந்த வெள்ளை" என்பேன். இந்த பஸ் உதாரணம் முழுக்க முழுக்க என்னுடையது.

என்னிடம் ஒரு பக்கமும் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் துபாயிலிருந்து லீவில் வந்தபோது எங்களுக்கு ஆறு கண்ணாடி டம்ளர்கள் கொடுத்தார். உடையாமல் இருக்க ஒவ்வொன்றையும் ஏதோ பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்தது. டம்ளர்களை மனைவி எடுத்துக்கொண்டாள், தாள்களை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு தாளில் வரிசையாக நான்கு கட்டங்கள். ஒரு சொல்கூடக் கிடையாது. இடது ஓரத்துக் கட்டத்தில், வாசல் கேட்டருகே ஒருவர் பெட்டியோடு நிற்கிறார். வீட்டுக்குள்ளிருந்து பார்ப்பதுபோல வரைந்த படம், நமக்கு அவர் முதுகுதான் தெரிகிறது. அடுத்ததில் கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை, ஒரு கண் மட்டும் வெளியே. அதற்கடுத்ததில் அவர் மண்டியிட்டுக் குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்திருக்கிறார். வலது ஓரத்தில் குழந்தை அவர் தோளில் உட்கார்ந்திருக்கிறது, பெட்டி சுவரோரம் இருக்கிறது.

பல வருடம் கழித்து வீடு திரும்பும் தகப்பன், அடையாளம் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் குழந்தை. காரைக்காலில் இந்தக் கதையை நான் விளக்கவே தேவையில்லை. இரண்டாவது கட்டத்துக்கும் மூன்றாவது கட்டத்துக்கும் நடுவே எத்தனை நாள் போயிருக்கும் என்று மட்டும் கேட்பேன். "ஒரு வாரமாச்சும் ஆவும் சார், எங்க வீட்டுல எம்மவன் கிட்டவே போவல" என்று யாராவது ஒரு பெண் சொல்வார். கூட்டம் மூக்கை உறிஞ்சும். வருகிறவருக்கு ஏன் முதுகு தெரிகிறது என்று புத்திசாலி யாராவது கேட்டால் எனக்குக் கொண்டாட்டம். "அங்கேதான் ஓவியர் நிற்கிறார். வீடு வந்துவிட்டது, ஆனால் உள்ளே போகக் கால் வரவில்லை. இத்தனை வருடம் நடந்த தெருவைத் திரும்பிப் பார்க்கிறார்" என்பேன். அந்த வரிக்கு ஒரு தடவைகூடக் கைதட்டல் தவறியதில்லை.

அவள் என் பேச்சுகளுக்கு வந்துகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். பரம்பரையாகக் கப்பலும் வியாபாரமுமாக இருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண், தனியார் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, மடியில் நோட்டு வைத்துக் குறித்துக்கொள்வாள். ஒரு தடவை கூட்டம் முடிந்ததும் வந்து, "அந்த நாலு கட்டம் எங்கேருந்து சார் கெடச்சிச்சு?" என்று கேட்டாள். டம்ளர் சுற்றிய தாள் என்று சொல்ல மனம் வரவில்லை. "வெளிநாட்டுப் பத்திரிகைம்மா" என்று பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன். எதையோ சொல்ல வாயெடுத்தவள், "ரொம்ப நல்லாருக்கு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வருடம் அவளே பேச ஆரம்பித்தாள். நேரில் பார்த்தால் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். மனதுக்குள் மட்டும் என்றைக்கும் 'அவள்'தான். என்னிடம் இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது, அவளுக்கு வரைய வரும். எனக்கு ஒரு வட்டம்கூடக் கோணாமல் வராது. பதினோரு வருடமாகப் பிறர் வரைந்த படங்களை வைத்து வண்டி ஓட்டியவன் நான். அவள் வெள்ளைப் பலகை முன்னால் நின்று, பேசப் பேச வரைந்தாள்.

மண்டபத்தூரில் அவள் பேசியபோது ரகசியமாகப் போனேன். அந்த எழுபத்திரண்டு பேரை எண்ணியது அங்கேதான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மீன் விற்கிற பெண்களிடம் ஒரு சண்டையைச் சொல்லச் சொல்லி, அதை ஆறு கட்டத்தில் வரைந்தாள். ஐஸ் பெட்டியைக் காலால் தள்ளியவர் யார், முதலில் கையை நீட்டியவர் யார் என்று அவர்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். "என் மூக்கு அவ்வளவு பெருசா?" என்று ஒரு அம்மா எழுந்தே வந்துவிட்டார். அதன் பிறகு அவள் கட்டங்களுக்கு நடுவிலிருந்த வெள்ளையைக் காட்டி, "பஸ்ஸுல தூங்கிட்டீங்க" என்றாள்.

என் பஸ்! என் பஸ்ஸை எடுத்து அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் தலை தொங்கித் தொங்கிப் பக்கத்து ஆள்மேல் விழுவதுபோல நடித்து ஓட்டினாள். எனக்குக் கிடைத்ததைவிட இரண்டு மடங்கு சிரிப்பு. "இத ஒரு சார்கிட்ட கத்துக்கிட்டேன்" என்றும் சொன்னாள். பெயரைச் சொல்லவில்லையே என்று எரிந்தது. சொல்லியிருந்தாலும் எரிந்திருக்கும். திரும்பும் வழியெல்லாம் வண்டியை முறுக்கினேன், ஒரு மாட்டுக்காரர் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

இதற்கு நடுவில்தான் வாசகர் வட்டச் செயலாளர் ஒரு செய்தி சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியர், யாரையும் நோகடிக்காமல் பேசுவார். மாவட்டத்தில் பத்துக் கிராமப் பள்ளிகளில் பத்துப் பேச்சுகள் நடத்தப்போவதாகவும், அதை ஒரே ஆள் செய்தால் நல்லது என்று வட்டத்தில் நினைப்பதாகவும் சொன்னார். "ஒருநாள் ரெண்டு பேரும் பேசுங்க. வட்டத்துல எல்லாரும் கேக்கட்டும். நீங்க மூத்தவங்க, நீங்களே முதல்ல பேசுங்க" என்றார். மரியாதையாகச் சொன்னாலும் பரீட்சை பரீட்சைதான். பதினோரு வருடம் கழித்து என்னை வரிசையில் நிற்க வைத்துவிட்டார்கள். அந்தப் பத்துப் பள்ளிகளும் எனக்கு வேண்டும். அவளுக்குப் போகக் கூடாது.

பேச்சுக்கு இரண்டு நாள் முன்னால் அவளிடமிருந்து போன் வந்தது.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தத் தடவ அந்த நாலு கட்டத்த மட்டும் விட்டுடுங்களேன்."

"ஏன்?"

"போன்ல சொல்ல முடியல சார். நேர்ல சொல்றேன். இந்த ஒரு தடவ மட்டும்."

பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன். எனக்கு ஒரே சந்தோஷம். பயந்துவிட்டாள்! என்னுடைய பெரிய ஆயுதம் எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதைக் கீழே போடச் சொல்கிறாள். அன்று மாலையே கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைக்குப் போய், அந்த நான்கு கட்டங்களையும் பத்தடி நீளத்துக்கு அடிக்கக் கொடுத்தேன். "யாரு சார் இவரு, கட்சிக்காரரா? முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு?" என்று கடைக்காரர் கேட்டார்.

நூலக மாடி ஹால் அன்று நிறைந்திருந்தது. முன்வரிசையில், அவளுக்குப் பக்கத்தில், வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒரு அம்மா. அவளுடைய உம்மா. மகளின் பேச்சைக் கேட்க முதல் தடவையாக வந்திருக்கிறார் என்று செயலாளர் சொன்னார். ஆள் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. நான் சுவரில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸின் கயிற்றை அவிழ்த்தேன். பத்தடிக்கும் பளிச்சென்று விரிந்தது.

"யாராவது சொல்லுங்க, என்ன நடக்கிறது?" என்றேன்.

உம்மாதான் முதலில் பேசினார். "புள்ளயத் தோள்ல வச்சிருக்காரு. பொறவு எறக்கி விட்டு, கையப் புடிச்சுக்கிட்டுச் சொல்றாரு. புள்ள கதவுக்குப் பின்னால போயி நின்னுக்கிடுச்சு. அவரு பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போறாரு."

நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். "இல்லம்மா, நீங்க கடைசியிலிருந்து வர்றீங்க. இந்தப் பக்கத்திலிருந்து பாக்கணும்."

"அப்புடியா தம்பி? நான் குர்ஆன் ஓதுற பழக்கத்துல வலப் பக்கத்துலேருந்து பாத்துட்டேன்" என்றார். ஹாலில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஃப்ளெக்ஸை மறுபடி ஒருமுறை இடமிருந்து பார்த்தார். "ஆனா வர்ற மனுசருக்கு மொவமுல்ல தெரியணும்? முதுகு தெரியுதே. இவரு வரல தம்பி. சபருக்குக் கெளம்புறாரு."

பிழைக்கக் கடல் தாண்டிப் போவதை அவர்கள் சபர் என்பார்கள். ஹாலில் அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாத் தலைகளும் வலது ஓரத்துக்குப் போய், மெல்ல இடது பக்கம் நகர்ந்து வந்தன. "ஆமால்ல" என்றது ஒரு குரல். நான் என் கைதட்டல் வரியைச் சொன்னேன். தயக்கம், தெரு, திரும்பிப் பார்க்கிறார். யாரும் தட்டவில்லை. என் காதுக்கே அது சப்பைக்கட்டாகக் கேட்டது.

அந்தத் தாளின் பின்பக்கம் ஒரு சோப்பு விளம்பரம். அரபியில். அது எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். அரபு நாட்டுக்காரரும் ஜப்பான்காரரும் வலமிருந்துதான் கட்டங்களைப் படிப்பார்கள் என்று நானே மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறேன். எழுத்தே இல்லாத பக்கத்துக்கு வலமென்ன இடமென்ன என்று நினைத்துவிட்டேன். எழுத்தில்லாமலே படிக்கலாம் என்று ஊருக்குச் சொல்லித் தந்தவன் நான். முதுகு தெரிகிறதே என்று கேட்டவர்களையெல்லாம் பேசியே மடக்கியவனும் நான்தான்.

அவள் எழுந்து வந்தாள். என்னிடமிருந்து மைக்கை வாங்கவில்லை, பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசினாள். "உம்மா படிச்சதும் சரி, சார் படிச்சதும் சரி. போறதையும் வர்றதையும் ஒரே நாலு கட்டத்துல வைக்க முடியும்னு இன்னிக்குத்தான் நாம பாக்குறோம். சார் இத இவ்ளோ பெருசா அடிச்சுக் கொண்டாரலன்னா பாத்திருப்போமா?" கூட்டத்தை இடமிருந்து ஒரு முறை, வலமிருந்து ஒரு முறை சேர்ந்து சொல்ல வைத்தாள். போகும்போது கதவுக்குப் பின்னால் என்ன முகம், வரும்போது என்ன முகம் என்று கேட்டு இரண்டையும் பலகையில் வரைந்தாள். கைதட்டல் கூரையில் மோதியது. அது எனக்கும் சேர்த்துத்தான் என்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி பிறகு சொன்னாள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. விழுந்தவனைத் தூக்கிவிடுகிற கைகூட அவளுக்கு அவ்வளவு அழகாக வாய்த்திருக்கிறதே என்று அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது.

கூட்டம் கலைந்ததும் மாடிப்படிக்குக் கீழே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்க சார். உம்மா வர்றேன்னு அடம் புடிச்சாங்க. அவங்க பாத்தா சொல்லிடுவாங்கன்னுதான் போன் பண்ணினேன்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொதல் தடவ பாத்தப்பவே தெரியும் சார்."

"ஏன் சொல்லல?"

அவள் துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றினாள். "வாப்பா சபர் போனப்ப எனக்கு நாலு வயசு. அங்கேயே மவுத்தாயிட்டாங்க, ஒடம்பக்கூடக் கொண்டு வரல. வலமிருந்து படிச்சா எனக்குத் தெரிஞ்ச கததான் சார் அது. நீங்க படிச்சாத்தான் அவங்க திரும்பி வர்றாங்க. அதுக்காகவே வந்து வந்து கேட்டேன்."

அவள்மேல் அப்போது இரக்கம் வந்தது உண்மை. அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை என்பதும் உண்மை.

அந்த வாரக் கடைசியில் செயலாளர் அலுவலகத்துக்கே வந்தார். பத்துப் பேச்சுகளையும் அவளுக்குக் கொடுப்பதாக வட்டம் முடிவு செய்ததாம். அவள் ஒத்துக்கொள்ளவில்லையாம். "'சார்கிட்ட கேட்டுத்தான் நான் இதெல்லாம் படிச்சேன். சார் பேசட்டும், நான் வரையிறேன். சார் வரலன்னா நானும் போவல'ன்னு சொல்லிட்டாங்க. நல்ல மனசு பாருங்க. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார்.

நல்ல மனசு என்று அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். பத்து ஊர்களில் பத்து மேடைகளில் அவள் பக்கத்தில் நான் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். பிள்ளைகளின் கண் பலகையில் இருக்கும். நான் பேசுவது பின்னால் ஓடுகிற ரேடியோவாக இருக்கும். எல்லாம் முடிந்ததும் அவளைச் சூழ்ந்துகொண்டு படம் வரைந்து தரச் சொல்வார்கள். நான் அவள் பையை வைத்துக்கொண்டு நிற்பேன். அவள் சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருந்தது. வாப்பா, நாலு வயது, திரும்பி வருவது, எல்லாம். நினைவிருந்தும் சொன்னேன்.

"சுகர் ஏறிக் கெடக்கு சார். டாக்டர் அலையக் கூடாதுன்னுட்டாரு. என்னால முடியாது."

எனக்குச் சுகரே கிடையாது.

செயலாளர் பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். அவளிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம், அவள் அசையவில்லையாம். அதனால் இந்த வருடம் அந்தப் பேச்சுகள் இல்லை என்றார். போனை வைத்தபோது எனக்கு முதலில் வந்தது வருத்தமல்ல, நிம்மதி. அன்று இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வழக்கம்போல ஏதாவது கிண்டல் செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

அடுத்த மாதம், அந்தப் பத்துப் பள்ளிகளில் ஒன்றின் தலைமையாசிரியை ஒரு கோப்பு விஷயமாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். என்னை அடையாளம் கண்டு என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"படக்கதப் பேச்சு இருக்குன்னு லெட்டர் போட்டிருந்தாங்க சார். பிள்ளைங்க நோட்டுல பக்கத்துக்கு நாலு கட்டம் போட்டு வச்சுக்கிட்டு எப்ப எப்பன்னு கேட்டுக்கிட்டிருக்குங்க. அந்த டீச்சர் நல்லா வரைவாங்களாமே, எங்க பிள்ளைங்க ரொம்ப ஆசையா இருக்குங்க. ஏன் சார் வரல?"

அவர் என்னைப் பற்றிக் கேட்கவேயில்லை. அவர் கோப்பைத் தேடுவதுபோல மேஜையில் குனிந்துகொண்டேன்.

"அவங்களுக்கு இப்ப நேரமில்லையாம்மா. பெரிய பெரிய எடத்துக்கெல்லாம் கூப்புடுறாங்கள்ல, கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் வர முடியாதுன்னுட்டாங்க" என்றேன்.

தலைமையாசிரியை தோள்பையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "கேள்விப்பட்ட வரைக்கும் அப்படித் தெரியலயே சார்" என்றார். "ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."